உப்பை மண்ணில் கொட்டாதீர்கள், தோழர்களே!



தென்மேற்குப் பருவமழை மலையேற இன்னும் சில வாரங்கள்தான். முதல் மழை விழுந்த இரவே ஆப்பிரிக்க நத்தை சுவரேறிவிடும். மறுநாள் காலை மருந்துக்கடையில் கூட்டம் நிற்கும். ஒருவர் மயில்துத்தம் கேட்பார், ஒருவர் நத்தை மருந்துக் குருணை கேட்பார், கையில் காசில்லாதவர் மளிகைக்கடைக்குப் போய்க் கல்லுப்பு வாங்குவார். வந்தது வந்தோம் என்று எலிக்கேக்கும் இரண்டு பாக்கெட் சேர்ந்துவிடும். மழைக்கு எலியும் வீட்டுக்குள் வருமே. நட்டதை விடிவதற்குள் தின்று தீர்க்கிற நத்தையோடும் மூட்டையைக் கடித்துப் போடுகிற எலியோடும் மல்லுக்கட்டுகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த உப்பும் அந்தக் கேக்கும் கடைசியில் யார் வாயில் போய்ச் சேர்கின்றன என்று பார்க்க ஆளில்லை. அந்த ஆள் நாம்தான். கூடலூர், பந்தலூர், வால்பாறை, மேகமலை, களக்காடு, கோதையாறு என மலையோரத்தில் இருக்கிற ஒவ்வொரு தோழருக்கும் இது அவசர அழைப்பு. அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று மடித்து வைத்துவிடாதீர்கள். அதற்குள் மழை வந்துவிடும்.

இரண்டு உயிர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டுமே நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை.

முதலில் நத்தை. இண்ட்ரெல்லா ஆம்புல்லா என்று புத்தகத்தில் இருக்கும். மழை வெறித்த இரவில் காட்டோரம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈர இலைமேல் ஏதோ செக்கச்செவேலென்று கிடக்கும். பூ உதிர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். குனிந்தால் நகரும். நான்கு கொம்புகள், மேலே உள்ள நீண்ட இரண்டின் நுனியில் கண்கள். வெளிச்சம் பட்டால் கையுறையின் விரலை உள்பக்கமாக இழுத்தாற்போலக் கண் உள்ளே போய்விடும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் மறுபடி மெல்ல வெளியே வரும். முதுகில் உருண்டையான ஓடு, மெலிசு, பளபளப்பு, அந்தப் பெரிய உடம்புக்கு அளவு குறைத்துத் தைத்த சட்டை மாதிரிதான் இருக்கும். எல்லா இடத்திலும் சிவப்பு என்று நினைக்க வேண்டாம். இடத்துக்கு இடம் மஞ்சள், ஆரஞ்சு, வெளிர் ஊதா என்று உடம்பின் நிறம் மாறும். எந்த மலையில் எந்த நிறம் என்று முழுதாக ஒரு வரைபடம் போட நம்மைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

அடுத்தது எலி. பிளாட்டகாந்தோமிஸ் லாசியூரஸ். முள் மர எலி என்று எழுதுகிறேன். காணிக்காரர்களிடமும் காடர்களிடமும் கேட்டால் அவரவர் பெயர் சொல்வார்கள், கேட்டு எழுதி வையுங்கள். பகலெல்லாம் மரப்பொந்தில் இலையும் பாசியும் பரப்பிப் படுத்திருக்கும். இருட்டியபின் கிளைவழியே கிளைக்குப் போகும். முதுகு செம்பழுப்பு, மயிருக்கு நடுநடுவே தட்டையான முட்கள். வயிறு வெளுப்பு. இதன் வாலைப் பார்த்துவிட்டால் பிறகு வேறெந்த எலியோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். ஊர் எலிக்கு வால் மொட்டையாக, செதில் செதிலாக இருக்கும். இதன் வாலோ நுனிக்குப் போகப்போக அடர்ந்து, கடைசியில் வெள்ளைக் குஞ்சம் கட்டியிருக்கும். விதையும் பழமும்தான் இதற்குச் சாப்பாடு. பழுத்த மிளகும் தின்னும். அதை மறைத்துப் பேசப்போவதில்லை. ஆங்கிலேயர் இதை மிளகு எலி என்றே அழைத்தார்கள். உலகச் சிவப்புப் பட்டியலில் இதற்கு 'அழிவாய்ப்பு இனம்' என்ற இடம் கிடைத்திருக்கிறது.

நத்தையையும் எலியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதா என்று சிலர் கேட்கலாம். வைத்துத்தான் பார்ப்போமே. இண்ட்ரெல்லா என்ற பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம். பிளாட்டகாந்தோமிஸ் என்ற பேரினத்திலும் இந்த ஒரே இனம்தான். எலிக்கு உயிரோடு இருக்கிற மிக நெருங்கிய உறவைத் தேடினால் தெற்குச் சீனத்துக்கும் வியட்நாமுக்கும் போக வேண்டும். இடையில் இவ்வளவு பெரிய நிலம் காலியாகக் கிடக்கிறது. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் குடும்பத்து எலிகள் ஐரோப்பாவிலும் இருந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. எங்கெங்கோ இருந்து அழிந்து, எஞ்சியதில் ஒன்று நம் மலையில் பொந்துக்குள் படுத்திருக்கிறது. ஒரு பேரினத்தில் ஓரினம் மட்டும் இருந்து அதுவும் போனால், போவது ஓர் இனம் மட்டுமல்ல, ஒரு கிளை முழுவதும். புலிக்குச் சிங்கம் உறவு, சிறுத்தை உறவு. இவற்றுக்கு அப்படி ஒருவரும் இல்லை.

இருவருக்கும் பெயர் வந்த கதை கல்கத்தாவைத் தொடுகிறது. எலியை 1859-இல் விவரித்தவர் எட்வர்ட் பிளித், ஆசியக் கழகத்து அருங்காட்சியகத்தின் காப்பாளர். நத்தையை 1850-இல் விவரித்தவர் வில்லியம் ஹென்றி பென்சன், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, நத்தைப் பித்தர். இந்த பென்சனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. இதே மனிதர்தான் 1847-இல் மொரீசியஸிலிருந்து ஆப்பிரிக்க நத்தைகளை உயிரோடு கொண்டுவந்தவர். கல்கத்தா சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. இந்தியாவுக்குள் ஆப்பிரிக்க நத்தை நுழைந்த கதை அங்கே தொடங்குகிறது. நம் சிவப்பு நத்தைக்குப் பெயர் வைத்த கையே அதன் சாவுக்குக் காரணமாகக்கூடிய விருந்தாளியையும் உள்ளே விட்டது. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, ஆசைதான். ஆசையால் வந்த கேடுகளுக்கு நம் மலையில் பஞ்சமே இல்லை. உண்ணிச்செடியும் சீகை மரமும் அப்படி வந்தவைதான்.

விருந்தாளி நேரடியாக நம் நத்தையைத் தின்றுவிடுவதில்லை. விருந்தாளியின் பெயரால் நாம் கொல்கிறோம். இந்த அழைப்பின் மையம் இதுதான். நத்தைக்கும் எலிக்கும் ஒரே ஆபத்து, ஆள் மாறாட்டம். ஊரில் திரியும் ஒரு நத்தை செய்த குற்றத்துக்குக் காட்டு நத்தையின் தலைமேல் உப்பு விழுகிறது. ஊர் எலி செய்த குற்றத்துக்குக் காட்டெலியின் பொந்தருகே கேக் வைக்கப்படுகிறது. சட்டமும் நெடுங்காலம் இந்த மாறாட்டத்தையே செய்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'தீங்குயிர்கள்' என்று தனியாக ஓர் அட்டவணை இருந்தது. காகம், பழந்தின்னி வௌவாலோடு எலிகளும் சுண்டெலிகளும் பொத்தாம்பொதுவாக அதில் கிடந்தன. 2022 திருத்தத்தில்தான் அந்த அட்டவணை ஒழிந்தது. சட்டப் புத்தகத்தில் ஒழிந்தது நம் மனசிலிருந்து ஒழிய எத்தனை காலமாகுமோ.

இது மிகைப்படுத்தல் என்று நினைக்கிறவர்கள் இரண்டு தீவுக் கதைகளைக் கேளுங்கள்.

பசிபிக்கில் டஹீட்டியும் மூரேயாவும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். அங்கேயும் ஆப்பிரிக்க நத்தை போய்ப் பயிரை அழித்தது. அதை ஒழிக்க அமெரிக்காவின் புளோரிடா பக்கத்திலிருந்து நத்தை தின்னும் நத்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஓநாய் நத்தை என்று பெயர். மூரேயாவில் அது விடப்பட்டது 1977-இல். வந்த ஓநாய்க்குப் பெரிய ஆப்பிரிக்க நத்தையைவிட மரத்திலிருந்த சின்னச் சின்ன உள்ளூர் நத்தைகள் வாய்க்கு இதமாக இருந்தன. பார்ட்டுலா என்று பெயர், மூரேயாவில் மட்டும் ஏழு இனங்கள். பத்தே ஆண்டில் ஏழும் காட்டிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டன. ஆப்பிரிக்க நத்தையோ பிழைத்துக்கொண்டது. ஆய்வாளர்கள் முன்கூட்டியே பிடித்து உயிர்க்காட்சியகங்களில் வளர்த்த சிலவற்றை 2015 முதல் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். 2024-இல் அவற்றில் ஓரினம் காட்டிலேயே பிறந்து வளர்ந்திருப்பது தெரிந்து கொண்டாடினார்கள். நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பின் காட்டில் பிறந்த சில நத்தைகள். நம்மிடம் வளர்ப்பில் எத்தனை இண்ட்ரெல்லா இருக்கிறது? யாரும் வாய் திறக்க மாட்டீர்கள், தெரியும்.

இந்துமாக்கடலில் கிறிஸ்துமஸ் தீவு. மெக்லியர் எலி என்று ஓர் உள்ளூர் எலி, இரவானால் கூட்டம் கூட்டமாக ஓடித் திரிந்தது. 1899-இல் 'இந்துஸ்தான்' என்ற கப்பலில் ஊர் எலிகள் வந்திறங்கின. அவற்றின் உடம்பில் ஒட்டுண்ணி நோய் ஒன்று இருந்தது. உள்ளூர் எலிகள் பட்டப்பகலில் பாதையில் தள்ளாடி விழுந்தன. 1903-க்குப் பிறகு அந்த எலியை யாரும் கண்டதாகத் தெரியவில்லை. அருங்காட்சியகத் தோல்களில் நூறாண்டுக்குப் பிறகு மரபணு எடுத்துப் பார்த்து, அந்த நோய்தான் என்று 2008-இல் உறுதிப்படுத்தினார்கள். ஒரு தீவு முழுக்க நிறைந்திருந்த எலி நான்கே ஆண்டில் இல்லாமற்போனது. அபூர்வமாக இருப்பதுதான் அழியும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சரி, நமக்குள் ஓடிக்கொண்டிருக்கிற சண்டைக்கு வருகிறேன். நம் பிரச்சாரச் சுவரொட்டியில் நத்தை, எலி இருவரில் யார் படம் போடுவது?

எலியைப் போடு என்கிறார்கள் பாதிப்பேர். பாலூட்டி, பெரிய கண், குஞ்சம் வைத்த வால், சிவப்புப் பட்டியலில் இடம், அதிகாரி மேசையில் வைத்தால் அதற்கு ஒரு மரியாதை. திவ்யா முடப்பா முதலான ஆய்வாளர்கள் களக்காடு முண்டந்துறை மழைக்காட்டில் இதைப் படித்து 2001-இலேயே எழுதியிருக்கிறார்கள். காட்ட ஒரு காகிதம் உண்டு. இன்னொரு பாதி நத்தையைப் போடு என்கிறது. வண்ணம் கண்ணைப் பறிக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும், எலி என்றாலே அருவருக்கிற ஊரில் எலிக்கு வாக்குக் கேட்பது வீண் என்கிறார்கள்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எலிக்காக வழக்காடுவோம், நத்தையை எண்ணுவோம்.

எலியை நீங்களும் நானும் எண்ண முடியாது. உயரத்தில், இருட்டில், பொந்தில் இருக்கிறது. பொறி வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், பயிற்சி வேண்டும். ஆர்வக்கோளாறில் யாராவது வீட்டு எலிப்பொறியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனால் அவர் நம் தோழர் இல்லை. நத்தை அப்படியில்லை. மழையும் டார்ச்சும் பொறுமையும் இருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளை எண்ணும். ஆனால் அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால் நத்தைக்கு நாற்காலி கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 270 நிலநத்தை இனங்கள், அதில் நாலில் மூன்று பங்கு இங்கே மட்டுமே உள்ளவை. மிகப் பெரும்பாலானவற்றின் நிலையை இன்னும் எவரும் எடைபோடவே இல்லை. ஆக, எலிக்குத் தகுதி உண்டு, கணக்கு இல்லை. நத்தைக்குக் கணக்கு எடுக்கலாம், தகுதி கொடுப்பார் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டினால்தான் வண்டி நகரும்.

நத்தை இருக்கிற இடத்தில் எலியும் இருக்கும் என்று யாராவது மேடையில் பேசினால் கீழே இழுத்து உட்கார வையுங்கள். அப்படி யாரும் நிறுவவில்லை. நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இருவருக்கும் வேண்டியது பழைய காடு. எலிக்குப் பொந்து விழுந்த கிழட்டு மரமும், தரையிறங்காமல் போய்வரத் தொடர்ச்சியான கிளைகளும், கொடிகளும் வேண்டும். நத்தைக்கு ஈரம் காயாத நிழலும், மட்கிய சருகும், விழுந்து மக்குகிற கட்டையும் வேண்டும். தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று நாம் பெருக்கித் தள்ளுவது இந்த இரண்டையும்தான். பொந்து மரத்துக்கு 'ஆபத்தான மரம்' என்று பெயர், விழுந்த கட்டைக்கு 'விறகு' என்று பெயர், சருகுக்குக் 'குப்பை' என்று பெயர். உள்ளூர் மரங்கள் நிழல் கொடுத்த இடத்தில் ஆஸ்திரேலியச் சில்வர் ஓக் வரிசை கட்டி நிற்கிறது. நேரான மரம், மிளகுக்கொடி ஏற்ற வசதி, மறுக்கவில்லை. ஆனால் வெட்டுமுறைக்கு வளர்க்கிற மரம் பொந்து விழுகிற வயதுக்கு நிற்பதேயில்லை.

சிவப்பு நத்தை போனால் என்ன கெட்டுவிடும் என்று டீக்கடையில் கேட்பார்கள். பதில் வைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் ஆனைமலையில் உலாந்தி வனச்சரகத்தில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னிய காட்சியை நாடே பார்த்தது. நாமும் பகிர்ந்து மகிழ்ந்தோம். மின்மினி பறப்பதற்கு முன் புழுவாக இருக்கிற நீண்ட காலத்தில் பல இனங்கள் எதைத் தின்று வளர்கின்றன தெரியுமா? நத்தையை. சுண்ணாம்புச் சத்தும் நத்தை வழியாகத்தான் பல பறவைகளுக்குப் போகிறது. நெதர்லாந்தில் அமில மழையால் மண்ணில் சுண்ணாம்பு குறைந்து நத்தை குறைந்த காடுகளில் பட்டாணிக்குருவிகளின் முட்டை ஓடு மெலிந்து உடைந்ததை 1994-இல் வெளியிட்டார்கள். எலிமருந்துக் கணக்கும் இப்படித்தான். கேக்கிலுள்ள புரோமடியோலோன் விஷத்தைத் தின்ற எலி உடனே சாகாது; சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியை ஆந்தை பிடிக்கும், மரநாய் பிடிக்கும். விஷம் அடுத்த வயிற்றுக்குக் குடிபோகும். எலி பிடிக்கச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிற ஆந்தையைக் கொன்றுவிட்டு மறு ஆண்டு இரண்டு பாக்கெட்டுக்கு நான்கு பாக்கெட் வாங்குவோம்.

மிளகு விவசாயத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் நஷ்டம் பொய்யில்லை. ஆனால் முள் மர எலி தேடுவது பழுத்த மிளகை. கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிப்பதுதான் கறுப்பு மிளகுக்கு எப்படியும் சரியான பக்குவம். ஆள் கிடைக்கவில்லை, விலை ஏறட்டும் என்று கொடியில் விட்டு வைக்கிற வாரங்களில்தான் விருந்து நடக்கிறது. காட்டோரம் இருக்கிற கொடிகளை முதலில் பறித்துவிடுங்கள். கேக் வைத்தே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்குள், கிடங்குக்குள், பெட்டிக்குள் வையுங்கள். மரத்தடியில், கவட்டையில், பொந்தில் வேண்டவே வேண்டாம்.

ஆப்பிரிக்க நத்தையை விட்டுவைக்கச் சொல்லவில்லை. அதைக் குறையுங்கள், கட்டாயம் குறையுங்கள். கையளவு வளரும், நீண்டு கூம்பிய ஓடு, பழுப்பில் கோடுகள். உருண்டை ஓட்டு இண்ட்ரெல்லாவோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை. சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டு வையுங்கள். விடியற்காலையில் சாக்கைத் தூக்கினால் கூட்டமாகக் கிடக்கும். கையுறை போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உப்புக் கரைசல் நிறைந்த வாளியில் போட்டுப் பிறகு ஆழப் புதையுங்கள். உப்பு வாளிக்குள்ளேயே இருக்கட்டும். மண்ணில் கொட்டிய உப்பு ஆள் பார்த்துக் கொல்லாது. மண்புழுவையும் கொல்லும், செடியையும் கருக்கும். மயில்துத்தமும் புகையிலைக் கஷாயமும் கலந்து தெளிக்கிற முறை வீட்டுச் சுவருக்கும் வாழைத் தோப்புக்கும் சரி. ஓடையோரத்திலும் காட்டோரத்திலும் தெளிக்கவே கூடாது. பொறுக்கும்போது தட்டைச் சுருள் ஓடு, வாயில் மூடி போட்ட ஓடு, சிவந்த உடம்பு எது கண்ணில் பட்டாலும் அது உள்ளூர்க்காரன், விட்டுவிடுங்கள்.

வெறுங்கையால் எந்த நத்தையையும் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வளரும் ஒரு புழு நத்தைக்குள் போய் வளர்ந்து, நத்தை ஊர்ந்த பச்சைக் கீரை வழியே மனிதருக்கு வந்து மூளைக் காய்ச்சல் தரும். நத்தையும் எலியும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை என்பதற்கு இதைவிடச் சங்கடமான சாட்சி வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்துச் சாப்பிடுங்கள். பயந்து ஊரையே விஷமாக்க வேண்டியதில்லை.

இப்போது வேலை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஊருக்கு நான்கு பேர் போதும். இடம் ஒன்றே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்: தோட்டத்தின் காட்டோரம், பள்ளிக்கூடத்துப் பின்புறம், வீட்டுக் கொல்லை. காப்புக்காட்டுக்குள் இரவில் நுழையாதீர்கள். அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கு உங்கள்மேல் வரும், நத்தைக்கு ஒரு பயனும் வராது. வால்பாறைத் தோழர்கள் யானை நடமாட்டத்தை அறிவிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால் வீட்டைவிட்டே கிளம்ப வேண்டாம். மழை நின்ற இரவில், ஒரே இடத்தில், ஒரே அளவு நேரம் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் நேரத்தையும் ஆள் எண்ணிக்கையையும் எழுதுங்கள். அதை எழுதாத எண்ணிக்கை எதற்கும் உதவாது. ஒன்றும் கிடைக்காத இரவையும் எழுதுங்கள். நிறைய பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், சுழியமும் தகவல்தான்.

அட்டைக்குப் பயந்து உப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகும் பழக்கத்தை இந்த வேலைக்கு மட்டும் விடுங்கள். நத்தை தேடப் போகிறவர் காலிலிருந்து உப்பு உதிர்வது அழகல்ல. அட்டை உறை போடுங்கள், இல்லையென்றால் கடித்துவிட்டுப் போகட்டும்.

படம் மூன்று எடுங்கள்: ஓட்டை மேலிருந்து, பக்கத்திலிருந்து, வாய்ப்பக்கத்திலிருந்து. அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில் இருக்கட்டும். உடம்பின் நிறம் தெரிய வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றுங்கள், இடத்தையும் தேதியையும் சரியாகப் போடுங்கள். காலி ஓடு கிடந்தாலும் படம் போதும், எடுத்து வராதீர்கள்.

பகலில் செய்ய வேறு வேலை இருக்கிறது. உங்கள் பகுதியில் பொந்துள்ள பெரிய மரங்களைக் கணக்கெடுங்கள். மரத்தின் பெயர், சுற்றளவு, பொந்தின் உயரம். வெடிப்பலா, நாங்கு, பலா, எதுவானாலும். 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மலையில் மரம் வெட்ட அதற்கென அமைத்த குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு மனு போகும்போது அந்த மரம் நம் கணக்கில் ஏற்கெனவே இருந்தால், எதிர்ப்புச் சொல்ல நமக்கு வாய் இருக்கும். வெட்டுக்கத்தி வந்தபின் மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியாகக் கிராமசபை. 2002 உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்களா? போய்க் கேளுங்கள். பசு, ஆடு, வேம்பு, துளசி இருக்கும். நத்தை என்ற பக்கத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் ஆகஸ்ட் 15 கிராமசபையில் எழுந்து நிற்க வேண்டியது நீங்கள்தான். அன்று முடியாவிட்டால் அக்டோபர் 2, அதுவும் தவறினால் நவம்பர் 1. நகராட்சி, பேரூராட்சித் தோழர்கள் மன்றக் கூட்டத்துக்கு முன்பே உறுப்பினரைப் பிடியுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகக் கீழே எழுதித் தருகிறேன். ஊர்ப்பெயரை நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். பெண்கள் கையெழுத்து பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும், சருகு கூட்டுகிறவர்களும் விறகு எடுக்கிறவர்களும் அவர்கள்தான், அவர்கள் சம்மதம் இல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது.

"ஊராட்சித் தலைவர் அவர்களுக்கு. எங்கள் ஊர் எல்லையில் காணப்படும் உள்ளூர் நிலநத்தைகளையும் மரப்பொந்தில் வாழும் காட்டெலிகளையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கக் கோருகிறோம். எங்கள் குழு எடுத்த படங்களும் கணக்கும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஓடையிலிருந்தும் காட்டோரத்திலிருந்தும் ஐம்பது அடிக்குள் நத்தை மருந்து, எலி மருந்து, உப்பு எதையும் ஊராட்சி செலவில் தூவக்கூடாது எனத் தீர்மானம் நிறைவேற்றக் கோருகிறோம். ஆப்பிரிக்க நத்தைகளைக் கையால் பொறுக்கி அழிக்க மழைக்காலத்தில் கூலி ஒதுக்கக் கோருகிறோம். ஊராட்சிக்குச் சொந்தமான இடத்தில் பொந்துள்ள மரம் எதையும் எங்கள் குழுவுக்குத் தெரிவிக்காமல் வெட்ட அனுமதி கேட்கக்கூடாது. இத்தீர்மானத்தை இன்றே பதிவுப் புத்தகத்தில் எழுதி, சபையில் படித்துக்காட்டி, நகல் ஒன்றை எங்களுக்குத் தர வேண்டுகிறோம்."